போன வருஷத்துப் புராஜெக்டைத் தொடர விடுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கணினி அறிவியல் துறையின் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும், இறுதியாண்டு புராஜெக்ட் மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் வந்த சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியைப் பற்றி எழுதுகிறேன். முந்தைய பேட்ச் எடுத்த தலைப்பை மறுபடி எடுக்கக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில் திருத்தமோ மேம்பாடோ செய்வது புராஜெக்டாகக் கருதப்படாது, ஒவ்வொரு குழுவும் முழுக்கத் தானே உருவாக்கிய புதிய சிஸ்டத்தையே சமர்ப்பிக்க வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. போன வருஷமும் இதே பத்தி வந்தது. அப்போதே இரண்டு முறை எழுத்தில் கொடுத்தேன். துறைக் கூட்டத்திலும் எழுந்து சொன்னேன். "மினிட்ஸ்ல போட்டுக்கலாம் மேடம்" என்றீர்கள். மினிட்ஸில் அது இல்லை. இந்த வருஷம் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் அதே பத்தி திரும்பி வந்திருக்கிறது. இதையே மாணவர்கள் செய்திருந்தால் 'நாவல்ட்டி (புதுமை) இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

இந்தக் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பத்தியால் என் கண் முன்னால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு, நம் நூலகத்தில் உள்ள தமிழ்ப் புத்தகங்களின் பட்டியலில் தேடுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதியது. பெரிய விஷயம் இல்லை. பட்டியலைப் படிக்கும், சொல்லைத் தேடும், அலமாரி எண்ணைக் காட்டும். நூலகர் அதைப் பயன்படுத்தினார். கொஞ்ச நாளில் அவரே என்னிடம் வந்து, "மேடம், கொடின்னு தேடினா பாதிதான் வருது. மீதிப் புத்தகம் கண்ணு முன்னாடி ரேக்ல இருக்கு" என்றார்.

அடுத்த பேட்ச்சில் ஒரு குழு அதைப் பிடித்துக்கொண்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மாதம் ஆனது. திரையில் 'கொ' என்று ஒரே மாதிரி தெரியும் எழுத்து, கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். 'க'வுடன், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி வரலாம். அல்லது 'க', அப்புறம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் கால் என்று மூன்று துண்டாக வரலாம். இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொதுத் தரமான யுனிகோடின் விதி சொல்கிறது. ஆனால் தேடும் நிரல் அதைத் தானாகச் செய்துவிடாது. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நம் பட்டியலில் பழைய பதிவுகள் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. தட்டச்சுப் பொறியில் போலவே அதில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். பின்னொரு நாள் யாரோ அவற்றை யுனிகோடுக்கு மாற்றியபோது, எழுத்தின் இடத்தை மாற்றினார்களே தவிர துண்டுகளை ஒட்டவில்லை. இரண்டாவது குழு இதைச் சரிசெய்தது. மொத்தத்தில் முப்பது, நாற்பது வரி மாற்றம்தான். கொடி முழுதாகக் கிடைத்தது.

போகும்போது அவர்கள் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 'கௌ சரியாகவில்லை. அடுத்து வருபவர்கள் பார்க்கவும்.'

கௌ கொஞ்சம் வில்லங்கமானது. அதன் கடைசியில் வருவது 'ள' மாதிரியே தெரியும் ஒரு குறி. பலர் அந்தக் குறிக்குப் பதிலாக உண்மையான 'ள'வையே தட்டிவிடுகிறார்கள். கௌரி என்பதும் கெளரி என்பதும் பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். யுனிகோடு விதி இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காது, ஏனென்றால் இது எழுத்துப் பிழை. சரி, 'கெள' வந்தால் எல்லாம் 'கௌ' என்று மாற்றிவிடலாமே? மாற்றினால் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். சரி, 'ள'வுக்குப் பின்னால் உகரக் குறியோ இகரக் குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடலாம். அப்போது கெளுத்தி பிழைக்கும், தெளிவு பிழைக்கும். 'வெளங்குமா' என்று பேச்சுவழக்கில் ஒரு தலைப்பு இருந்தால்? அங்கே 'ள' மொட்டையாகத்தான் நிற்கிறது. 'வெளவால்' என்று பிழையாகத் தட்டியதிலும் அதே மொட்டை 'ள'தான். முன்னதைத் தொடக்கூடாது, பின்னதைத் திருத்த வேண்டும். எழுத்தைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது குழு வந்தது. மூன்று பேர். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அவர்களாகவே என்னிடம் வந்தார்கள். திட்டம் தெளிவாக இருந்தது. பட்டியலில் இருந்து இப்படிப்பட்ட சொற்களை எடுத்துக் கையால் பிரிப்பது, அதிலிருந்து விதி எழுதுவது, எத்தனை இடத்தில் விதி தப்பாகப் போகிறது என்று எண்ணுவது, கடைசியாக நாம் பயன்படுத்தும், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் தேடல் மென்பொருளுக்கே அந்தத் திருத்தத்தை அனுப்புவது. அனுப்பியிருந்தால் உலகத்தில் தமிழில் தேடும் வேறு யாருக்காவது பயன்பட்டிருக்கும். ஏற்காமல் திருப்பியிருந்தாலும், ஏன் ஏற்கவில்லை என்று அதைப் பராமரிப்பவர்கள் எழுதும் பதிலில் நான் ஒரு செமஸ்டரில் கற்றுத்தருவதைவிட அதிகம் இருந்திருக்கும்.

தலைப்பை ஏற்பதா என்று முடிவு செய்யும் ஜீரோத் ரிவ்யூ ஏழு நிமிடம் நடந்தது. இரண்டாவது ஸ்லைடிலேயே நிறுத்தினீர்கள். "இது போன வருஷம் பண்ணினதுதானே? நாவல்ட்டி எங்கே?" என்று ஒருவர் கேட்டார். "இதுல ஏ.ஐ. எங்க வருது?" என்று இன்னொருவர். அந்த மூவரில் ஒரு மாணவி வெளவால், வெளங்குமா உதாரணத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது யாரோ சிரித்தீர்கள். அவள் அதற்குமேல் பேசவில்லை.

மார்ச்சில் அதே மூவர் முக அடையாளத்தை வைத்து வருகைப் பதிவு செய்யும் சிஸ்டம் ஒன்றைக் காட்டினார்கள். அந்த வருஷம் நம் துறையில் மட்டும் அதே தலைப்பில் மூன்று குழுக்கள். போன பேட்ச்சின் தலைப்பை எடுக்கக் கூடாது என்றுதானே விதி, பக்கத்து பெஞ்சின் தலைப்பை எடுக்கக் கூடாது என்று இல்லையே. நிரலின் ஓர் ஓரத்தில் வேறு ஏதோ ஊர் மாணவர்களின் பெயர்கள் கமென்ட்டாக இருந்தன. எந்த புராஜெக்ட் சென்டரில் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், அதைத் திறந்து பார்க்கவும் இல்லை. நல்ல மதிப்பெண் வந்தது. இதை எழுத அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், இதை வைத்து அவர்கள்மேல் எதுவும் செய்ய வேண்டாம். செய்வதாக இருந்தால் கைடு என்ற முறையில் என்மேல் செய்யுங்கள்.

இனி, உங்கள் விதிக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையைப் பற்றி. கணினி அறிவியலில் மதிப்புள்ள வேலை என்பது ஒரு குழு, ஒரு வருஷத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுப்புவது என்று அந்தப் பத்தி நம்புகிறது. நம் நாட்டிலேயே, ஒரு பி.டெக். புராஜெக்டிலேயே இதற்கு நேர் எதிரான சான்று இருக்கிறது. அல்காரிதம் பாடத்தில் அதன் முடிவை நாம் எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். அது வந்த வழியைச் சொல்வதில்லை.

கொடுத்த எண் பகா எண்ணா இல்லையா என்று வேகமாகவும் உறுதியாகவும் சொல்ல முடியுமா என்பது பழைய கேள்வி. 1976இல் கேரி மில்லர் ஒரு வழி சொன்னார், ஆனால் அது இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளின் ஒரு விரிவை நம்பி நின்றது. 1980இல் மைக்கேல் ராபின் அதையே எடுத்து, அந்தக் கருதுகோள் தேவைப்படாதபடி, எண்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் முறையாக மாற்றினார். வேகம் கிடைத்தது, முழு உறுதி கிடைக்கவில்லை. 1999இல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலும் சோமேநாத் பிஸ்வாஸும், பகா எண்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டை வைத்து வேறொரு சோதனையை உருவாக்கினார்கள். அதிலும் குலுக்கல் இருந்தது.

இங்கேதான் மாணவர்கள் வருகிறார்கள். ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இருவர் 2001இல் தங்கள் பி.டெக். புராஜெக்டாக அந்தச் சமன்பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட வடிவில் மட்டும் சோதித்தால் போதுமோ என்று ஆராய்ந்து, ஓர் ஊகத்தை முன்வைத்தார்கள். நிரூபிக்கவில்லை. அடுத்த வருஷம் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் தங்கள் பி.டெக். புராஜெக்டை அந்த ஊகத்திலிருந்தே தொடங்கினார்கள். ஆயிரம் கோடி வரையிலான எண்களுக்கு அதைச் சரிபார்த்தார்கள். ஏப்ரல் 2002இல் அறிக்கை கொடுத்தார்கள். அதிலும் நிரூபணம் முடியவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். குலுக்கல் இல்லை, நிரூபிக்கப்படாத கருதுகோள் இல்லை, பல்லுறுப்பு நேரத்தில், அதாவது எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்குள் நிற்கும் நேரத்தில், பதில். உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அதோடும் முடியவில்லை. முதல் வடிவம் 1985இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூவ்ரி நிரூபித்த ஒரு கடினமான தேற்றத்தைச் சார்ந்திருந்தது. கட்டுரையைப் படித்த கணிதவியலாளர் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா, அந்தத் தேற்றம் இல்லாமலேயே நிரூபிக்க வழி சொன்னார். எளிமையாக்கிய வடிவம் 2004இல் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் என்ற கணித இதழில் வந்தது. 2006இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு. லென்ஸ்ட்ராவும் கார்ல் பொமரன்ஸும் சேர்ந்து அதை இன்னும் வேகமாக்கினார்கள். 2001இல் அந்த இரு மாணவர்கள் முன்வைத்த ஊகம் மட்டும் இன்றுவரை நிரூபிக்கப்படாமல் கிடக்கிறது. அது தவறாகவே இருக்கும் என்று கருதக் காரணங்கள் சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் யார் என்றால் அதே லென்ஸ்ட்ரா, பொமரன்ஸ்.

கயால், சக்சேனா இருவரையும் நம் ஜீரோத் ரிவ்யூவில் நிறுத்திப் பாருங்கள். தலைப்பு போன பேட்ச் எடுத்தது. சமன்பாடு கைடுடையது. ஊகம் சீனியர்களுடையது. அவர்கள் செய்யப்போவது சரிபார்ப்பும் மேம்பாடும். மூன்றாவது பத்தியின் ஒவ்வொரு வரியும் அவர்களைத் தடுக்கிறது. ஏழு நிமிடம்கூட ஆகாது.

ஐஐடி கதை நமக்கு எதற்கு, நம் பிள்ளைகள் வேறு என்று சிலர் நினைப்பீர்கள். அந்தப் பேச்சைப் பல முறை கேட்டிருக்கிறேன். சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதலாமாண்டிலேயே நாம் நடத்தும், வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் முறையை எடுத்துக்கொள்வோம். வரிசையின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம். பத்து வருஷத்துக்கு மேல் நானும் கரும்பலகையில் (கீழ் + மேல்) / 2 என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. 32 பிட் முழு எண்ணில் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் கொள்ளாது. வரிசை மிகப் பெரியதாக இருந்தால் கூட்டுத்தொகை அதைத் தாண்டி எதிர்மறை எண்ணாக மாறிவிடும், நிரல் உடைந்துவிடும். பைனரி சர்ச் 1946இலேயே ஜான் மாக்லியின் விரிவுரைகளில் பேசப்பட்ட முறை. ஜாவா மொழியின் சொந்த நிரலில் இந்தப் பிழை ஒன்பது வருஷம் போல உட்கார்ந்திருந்தது. 2006இல் அதை ஊரறியச் சொன்னவர் ஜோஷுவா பிளாக். ஜாவாவில் அந்த நிரலை எழுதியவரே அவர்தான். தான் எழுதியது தவறு, தனக்கு அதைக் கற்றுத்தந்த ஜான் பென்ட்லி சரி என்று நிரூபித்துக் காட்டிய வடிவத்திலும் இதே பிழை இருந்தது என்று எழுதினார். திருத்தம் ஒரே வரி. கீழ் + (மேல் − கீழ்) / 2 என்று எழுதினால் போதும்.

அந்தத் திருத்தத்தை எனக்குக் காட்டியது மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன். "மேடம், இது பெரிய அர்ரேக்கு ஓவர்ஃப்ளோ ஆகும்" என்றான். நான் முதலில் அவனை உட்காரச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மறுநாள் வகுப்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் சுற்றறிக்கைப்படி அவன் செய்தது ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில் ஒரு வரித் திருத்தம். நான் அந்த வருஷம் பார்த்த கணினி அறிவியல் வேலைகளில் அதைவிட நல்லது நினைவில்லை.

மாணவர்கள் பைத்தான் மொழியில் ஒரே வரியில் கூப்பிடும், தரவை வரிசைப்படுத்தும் சார்ட் இருக்கிறதே, அதற்கும் இதே கதை. துண்டு துண்டாக வரிசைப்படுத்திச் சேர்க்கும், அடிப்படையான மெர்ஜ் சார்ட் 1945இல் வான் நாய்மன் தந்தது. 2002இல் டிம் பீட்டர்ஸ், ஏற்கெனவே பாதி வரிசையாக இருக்கும் தரவுகளுக்கு ஏற்றபடி அதை மாற்றி எழுதினார். 2015இல் அது சரிதான் என்று கணித முறையில் நிரூபிக்க உட்கார்ந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள், நிரூபணம் வராமல் போனபோது அதில் ஒரு பிழையைக் கண்டார்கள். 2018இல் மன்ரோ, வைல்ட் இருவரும் எந்தத் துண்டை எப்போது சேர்ப்பது என்பதற்கு இன்னும் நல்ல முறை சொன்னார்கள். 2022இல் வந்த பைத்தான் 3.11இல் அது சேர்ந்தது. இந்த வரிசையில் யாராவது 'புதிய சிஸ்டம்' செய்தார்களா?

மேட்ரிக்ஸ் பெருக்கலைப் பற்றி ஒரு வரி மட்டும். 2020இல் ஜோஷ் ஆல்மனும் விர்ஜினியா வாசிலெவ்ஸ்கா வில்லியம்ஸும் அதற்கு ஆகும் நேரத்தைக் குறிக்கும் அடுக்கெண்ணை 2.3728639இலிருந்து 2.3728596க்குக் குறைத்தார்கள். வித்தியாசம் 0.0000043. நம் ரிவ்யூவில் அதைக் காட்டினால் "அக்யூரசி எவ்வளவு?" என்று கேட்போம்.

நம் ரிப்போர்ட் வடிவமும் இந்த நோயைத்தான் வளர்க்கிறது. முதல் அத்தியாயம் 'எக்சிஸ்டிங் சிஸ்டம்', அதன் கீழே 'டிஸட்வான்டேஜஸ்'. அப்புறம் 'ப்ரொபோஸ்டு சிஸ்டம்', அதன் கீழே 'அட்வான்டேஜஸ்'. தங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததில் குறை மட்டும் எழுத வேண்டும், தாங்கள் செய்ததில் நிறை மட்டும் எழுத வேண்டும் என்று இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். முந்தைய நிரலைத் திறந்தே பார்க்காமல் 'இட் ஈஸ் டைம் கன்ஸ்யூமிங்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். எல்லா ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டவற்றிலும் இருக்கிறது.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. சீனியர் ரிப்போர்ட்டின் அட்டையை மட்டும் மாற்றி பைண்ட் செய்து கொண்டுவரும் பழக்கம் இருந்தது. நன்றியுரையில் ஓய்வுபெற்றுப் போன துறைத்தலைவரின் பெயர் அப்படியே இருந்த ரிப்போர்ட்டை நானே பிடித்திருக்கிறேன். அதைத் தடுக்கத்தான் இந்த விதி வந்தது. ஆனால் பழையதைத் திருடுவதற்கும் பழையதைத் தொடர்வதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. தொடர்பவன் யாருடையதைத் தொடர்கிறான் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவான். எந்த நாளில் எந்த வரியை யார் மாற்றினார்கள் என்பதை, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் காட்டிவிடும். வைவாவில், "இந்த வரியை ஏன் மாற்றினாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். தானே மாற்றியவன் பத்து நிமிடம் பேசுவான். காசு கொடுத்து வாங்கியவனால் அந்தக் கேள்விக்கு வாயே திறக்க முடியாது. இப்போதைய விதி நகலெடுப்பவர்களைத் தடுக்கவில்லை. நேர்மையாகப் பெயர் சொல்லித் தொடர வந்தவர்களைத்தான் தடுத்தது. அவர்களை புராஜெக்ட் சென்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனதும் முதல் நாள் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது யாரோ எழுதிய, எழுதியவர் வேலையை விட்டுப் போன, பல லட்சம் வரி நிரல். அதைப் படிக்க வேண்டும், ஓர் ஓரத்தில் திருத்த வேண்டும், வேறெங்கும் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அதை நாம் செய்ய விட்டதில்லை. பழைய மாணவர்கள் போனில் பேசும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "எழுதத் தெரியுது மேடம், அடுத்தவங்க எழுதினதப் படிக்கத் தெரியல."

ஆகவே நான் கேட்பவை இவை.

மூன்றாவது பத்தியை இந்த வருஷமே திரும்பப் பெறுங்கள். அதன் இடத்தில், முந்தைய பேட்ச்சின் புராஜெக்டையோ ஏற்கெனவே இருக்கும் திறந்த மூல மென்பொருளையோ தொடர்ந்து மேம்படுத்துவதும் முழு மதிப்பெண்ணுக்கு உரிய புராஜெக்ட் என்று எழுத்தில் போடுங்கள். 'சிறப்பு அனுமதியுடன்' என்ற வாலைச் சேர்க்க வேண்டாம். அந்த வால் இருந்தால் யாருக்கும் அனுமதி கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புராஜெக்ட் முடிந்ததும் சிடியில் எழுதி பீரோவில் பூட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, நிரலையும் அதன் முழு மாற்ற வரலாற்றையும் துறையின் சர்வரில் எல்லா மாணவர்களும் பார்க்கும்படி வையுங்கள். ஒவ்வொரு குழுவும் போகும்போது 'எது முடியவில்லை, அடுத்து எங்கே தொடங்கலாம்' என்று ஒரு பக்கம் எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பெண் வேண்டும். முடியாததை ஒப்புக்கொள்வதற்கு மதிப்பெண் கொடுத்தால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

ரிப்போர்ட்டில் 'டிஸட்வான்டேஜஸ் ஆஃப் எக்சிஸ்டிங் சிஸ்டம்' என்ற அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். எதைப் பெற்றோம், யாரிடமிருந்து பெற்றோம், என்ன மாற்றினோம், மாற்றியதால் எது கூடியது எது குறைந்தது என்று எப்படி அளந்தோம் என்பவை அங்கே வரட்டும். வெளி மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்பியவர்கள், அதைப் பராமரிப்பவர்களோடு நடந்த உரையாடலையும் இணைக்கட்டும். திருத்தம் ஏற்கப்படவில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.

ரிவ்யூவில் ஒரு குழுவை நிராகரித்தால் காரணத்தை இரண்டு வரியாவது எழுத்தில் கொடுங்கள். கூடவே ஒரு மாணவி பேசும்போது சிரிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு உடனடிக் காரியம். இப்போதைய மூன்றாமாண்டில் இருவர், நூலகத் தேடலை எடுத்துக்கொள்கிறோம் என்று வந்திருக்கிறார்கள். போன வருஷம் சிரிப்புக்கு ஆளான மாணவி, வேலைக்குப் போன இடத்திலிருந்து தன் சொற்பட்டியலை அவர்களுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். வெளங்கும், வெளக்கு, வெளவால், பெளர்ணமி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திருத்தலாமா கூடாதா என்று குறித்திருக்கிறாள். தலைப்புப் படிவத்தை நிரப்பி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தலைப்புக்குக் கீழே 'மூன்று பேட்ச்களின் தொடர்ச்சி' என்று எழுதி, முந்தைய ஒன்பது பேரின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைப்புப் பட்டியல் மூடும் நாளுக்குள் அதற்கு உங்கள் ஒப்புதலோ மறுப்போ, எதுவானாலும் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் ஆசிரியை, மூன்று குழுக்களுக்கும் கைடு